முன்சீட்டு ஈரம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ஓசூரிலிருந்து பேரிகை போகும் ரோட்டில் ஒரு நடை போய் முனிலட்சுமியைக் கேட்டுவிட்டு வரட்டும். தகரக் கூரை போட்ட அந்தக் கார் வாஷ் ஷெட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அவளும் இருக்கிறாள். கேட்டால் சொல்வாள், ஒளிக்க மாட்டாள். ஆனால் அந்த வெள்ளைக் காரைப் பற்றிப் பேச்செடுத்ததும் துப்பட்டாவில் கையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். கை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் துடைப்பாள்.

போன ஆனி மாதம் நடந்தது இது.

முனிலட்சுமிக்குச் சொந்த ஊர் கல்லாவி. கூலி வேலைக்குப் போன குடும்பம். பள்ளிக்கூடம் முடித்ததும் ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் கார் சீட்டுக்குத் துணி தைக்கிற வேலையில் சேர்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் கணவன் மாரிசாமியும் சேர்ந்து இந்த ஷெட்டைப் போட்டார்கள். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுவது அவன் வேலை. உள்ளே சீட்டு சுத்தம் செய்வது அவள் வேலை. குழந்தை வாந்தி எடுத்தது, டீ கொட்டியது, கல்யாண வீட்டுச் சாம்பார் கவிழ்ந்தது... எந்தக் கறையாக இருந்தாலும் எடுத்துவிடுவாள். பேய், பிசாசு என்று யாராவது பேசினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ரகம்.

அன்றைக்கு மதியம் நவீன்குமார் தன் காரைக் கொண்டுவந்து விட்டான். பேரிகைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துப் பிள்ளை. ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி அனிதாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அவளைச் சொந்தக் காரில் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகவே பழைய வண்டி விற்கிற ஒருவனிடம், கர்நாடகா பக்கம் போய் அதை வாங்கியிருந்தான்.

"சீட்டு மட்டும் நல்லா பண்ணிக் குடுத்துடுங்கக்கா. உள்ள ஒரு வாடை வருது. அனிதாவுக்கு இப்ப எந்த வாடையும் ஆவ மாட்டேங்குது."

"என்னா வாடை சார்?"

"சேத்து வாடை மாதிரி. மழையில கொஞ்சம் தண்ணி உள்ள போயிருந்துச்சாம். விக்கும்போதே சொல்லிட்டாங்க."

"எடுத்துடலாம் சார். கடைசியில ஸ்ப்ரேவும் அடிச்சிடறேன். அப்புறம் மேல தண்ணியே கொட்டுனாலும் துணியில எறங்காது."

அவன் கூட வந்த ஒருவனின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். முனிலட்சுமி நாலு கதவையும் திறந்து வைத்து வேலையை ஆரம்பித்தாள்.

சந்தன நிறத்தில் துணி சீட்டுகள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன. முதலில் தூசி உறிஞ்சினாள். பின்சீட்டில் கை வைத்தாள். வெயிலில் நின்ற வண்டி, வெதுவெதுவென்று இருந்தது. டிரைவர் சீட்டும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த இடப்பக்கச் சீட்டில் கை வைத்தாள்.

ஜில்லென்றது.

கையை எடுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் ஈரம்.

கண்ணுக்கு ஈரமே தெரியவில்லை. துணி காய்ந்த நிறத்தில்தான் இருந்தது. உள்ளே இருக்கிற பஞ்சு தண்ணீர் குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளத்தில் நின்ற வண்டிகளை அவள் பார்க்காதவள் இல்லை. மேலே காய்ந்திருக்கும், உள்ளே மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். நுரை போட்டு, மெத்தென்ற பிரஷால் தேய்த்து, உறிஞ்சுகிற மெஷினை வைத்தாள்.

அந்த மெஷினுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. சீட்டிலிருந்து இழுக்கிற அழுக்குத் தண்ணீர் அதில் வந்து விழும். மற்ற சீட்டுகளுக்கு டீ நிறத்தில் வந்த தண்ணீர், இந்தச் சீட்டுக்கு வேறு மாதிரி வந்தது. கறுப்பும் பச்சையுமாக. அதில் பொடிப்பொடியாகப் பாசி மிதந்தது.

தொட்டி நிறைந்தது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் நிறைந்தது.

அவள் சீட்டில் தெளித்தது ஒரு சொம்புத் தண்ணீர்கூட இருக்காது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

மாரிசாமி குழாயை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"மழத்தண்ணின்னு சொன்னாரே அவுரு?"

"மழத்தண்ணியில பாசி எப்பிடி வரும்? ஏரித் தண்ணிங்க இது."

"எந்தத் தண்ணியா இருந்தா நமக்கென்னாமே? உறிஞ்சி எடுத்தா வேல முடிஞ்சிது." அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டான். "ஷாம்பு கேன் தீந்து போச்சு. ஓசூர் போயிட்டு வந்துடறேன்."

அவன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. ஆனி மாதக் காற்று. மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி, சாயங்காலமே இருட்டுக் கட்டிவிட்டது. ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஆள் நடமாட்டமே இல்லை.

சீட்டு காய வேண்டும். முனிலட்சுமி வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைச் சூடான காற்றுக்குத் திருப்பி வைத்தாள். கண்ணாடியை ஏற்றி, கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.

டிங்... டிங்... டிங்...

உள்ளே இருந்து சத்தம். முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் வருமே, அந்தச் சத்தம்.

அவள் பயப்படவில்லை. இடப்பக்கச் சீட்டுக்கு அடியில், ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற ஒரு கருவி இருக்கும். ஈரம் பட்டால் அது ஏமாந்து போகும். காலிச் சீட்டையே ஆள் என்று நினைத்துக்கொண்டு கத்தும். காய்ந்தால் சரியாகிவிடும்.

டிங்... டிங்... டிங்...

தூறல் தகரத்தில் விழுகிற சத்தத்தோடு அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பிரஷ்களைக் கழுவினாள். துணிகளைப் பிழிந்தாள்.

டிங்... டிங்...

க்ளிக்.

சத்தம் நின்றுவிட்டது.

முனிலட்சுமி கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றாள். அந்தக் க்ளிக்கை அவள் தெளிவாகக் கேட்டாள். காலையிலிருந்து ராத்திரி வரை கார்களிலேயே கிடக்கிறவளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முன்கண்ணாடிப் பக்கம் நடந்து போனாள். குனிந்து பார்த்தாள்.

இடப்பக்கச் சீட்டில் பெல்ட் போட்டிருந்தது.

மேலிருந்து குறுக்கே இறங்கி, கொக்கியில் மாட்டியிருந்தது. தொய்வாக அல்ல. சீட்டை ஒட்டியும் அல்ல. சீட்டுக்கு ஒரு சாண் முன்னால்... நடுவில் எதன் மேலோ படிந்தாற்போல... விறைப்பாக நின்றது.

அவள் கதவைத் திறக்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை. ரோட்டோரம் போய்த் தூறலிலேயே நின்றாள். மாரிசாமியின் பைக் லைட் தெரிகிற வரைக்கும் ஷெட் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் வந்து பார்த்தபோது பெல்ட் கழன்று, தன் இடத்தில் சுருண்டு கிடந்தது.

"ஏமே, பகல் பூரா குனிஞ்சே கெடந்தா தலை சுத்தத்தான் செய்யும்."

"நான் பாத்தங்க."

"பாத்த, பாத்த. வெளிய போய் சொல்லிடாத. வர்ற வண்டியப் பத்தி இப்பிடி பேசினா, நாளைக்கி எவன் இங்க வண்டி விடுவான்?"

அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நல்ல வெயில். கதவுகளைத் திறந்து போட்டு, காற்றடிக்கிற மெஷினை நாள் முழுக்கச் சீட்டைப் பார்த்து ஓடவிட்டார்கள். மாலையில் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வாடையும் இல்லை. அவளுக்கே தன் பயம் வெட்கமாகப் போய்விட்டது.

துணியில் ஸ்ப்ரே அடித்தாள். ஆறவிட்டு, சோதனைக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போலத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. துணியால் ஒரு ஒற்று. போய்விட்டது. துணியில் பொட்டு ஈரம் ஒட்டவில்லை.

"பாத்தியா?" என்று சிரித்தான் மாரிசாமி. அவளும் சிரித்தாள்.

வண்டியைப் பூட்டி, ஷெட்டின் ஷட்டரையும் இழுத்துப் பூட்டினார்கள். இரண்டு சாவியும் அவள் பையில்தான் இருந்தன. அன்றைக்கு மழை இல்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கி, காரைத் திறந்தாள்.

இடப்பக்கச் சீட்டு முழுக்க நீர் முத்துகள்.

கூரை ஒழுகினால் சிதறித்தான் விழும். இது அப்படி இல்லை. கீழே இரண்டு தொடைகளின் அகலத்துக்கு. சாய்கிற இடத்தில் முதுகின் அகலத்துக்கு. அதற்கு மேல், தலை வைக்கிற இடத்திலிருந்து கீழ்நோக்கி, நீளமாக, கோடு கோடாக. நனைந்த கூந்தல் ஒட்டிக் கிடந்தாற்போல.

சுற்றிலும் காய்ந்து கிடந்தது.

அந்த உருவம்கூட முனிலட்சுமியை அவ்வளவு பயமுறுத்தவில்லை. வேறொன்று பயமுறுத்தியது. அவளுக்குத் துணியைப் பற்றித் தெரியும். பஞ்சிலிருந்து ஊறி வருகிற ஈரம் துணியைக் கறுக்க வைக்கும். முத்தாக நிற்காது. மேலே முத்தாக நிற்கிற தண்ணீர் மேலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்த தண்ணீர் எல்லாம் போய்விட்டது. இது புதுசு.

சொட்டச் சொட்ட நனைந்த ஒருத்தி... பூட்டிய வண்டிக்குள்... ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

செல்போனை எடுத்து நவீன்குமாரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அதே நேரத்தில் ரோட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து நவீன்குமார் இறங்கினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் புடவையில், வயிறும் தானுமாக அனிதா இறங்கினாள்.

"நீங்கதான் கூப்டீங்களாக்கா? வண்டிய பாக்கணும்னு ஒரே அடம். அதான் கூட்டியாந்துட்டேன்."

"சார், ஒரு நிமிஷம் இந்தாண்ட வாங்க."

"என்னாக்கா?"

"இந்த வண்டி வேணாம் சார்."

அவன் முகம் மாறியது. "இஞ்சின்ல எதனா...?"

"இஞ்சின் இல்ல சார். அந்தச் சீட்டுல..." அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாரிசாமி பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தான்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அனிதா இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகச் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

"தங்கச்சி, எறங்கும்மா!" என்று கத்தினாள் முனிலட்சுமி.

அனிதாவின் சிரிப்பு நின்றது. அவள் தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

க்ளிக்.

இந்தத் தடவை மாரிசாமிக்கும் கேட்டது.

அனிதா பக்கத்துக் கண்ணாடி மட்டும் வெள்ளையாகப் பனி பிடித்தது. கீழிருந்து மேலாக. அவள் முகம் மறைந்தது. உள்ளே இருந்து உள்ளங்கை ஒன்று கண்ணாடியை அடித்தது.

"என்னாங்க... என்னாங்க..."

நவீன்குமார் பாய்ந்து போய்க் கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மாரிசாமியும் சேர்ந்து இழுத்தான். கதவு பிய்த்துக்கொண்டு திறந்ததும் அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பச்சைத் தண்ணீர். அவர்கள் காலெல்லாம் பாசி.

பெல்ட் அனிதாவின் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது.

"கழட்டுங்க... மூச்சு..."

நவீன்குமார் கொக்கியை அழுத்தினான். வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான்.

பெல்ட் இன்னும் ஒரு பிடி இறுகியது.

அனிதாவுக்குக் குரல் வரவில்லை.

முனிலட்சுமி மேஜையில் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே குனிந்தாள்.

உள்ளே அவ்வளவு குளிர்.

பெல்ட்டுக்கும் அனிதாவுக்கும் நடுவில் விரலை நுழைக்கப் போனாள்.

இடைவெளி இருந்தது.

ஆனால் காலியாக இல்லை.

ஏதோ... ஈரமாக... மெத்தென்று... விரலில் பட்டது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெட்டினாள்.

ஒரு வெட்டு. இரண்டு. நார் நாராகப் பிரிந்து, பெல்ட் அறுந்தது. நவீன்குமார் மனைவியை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

காதுக்குப் பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டதை முனிலட்சுமி கேட்டாள். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர்கள் விடுவார்களே, அப்படி.

வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முனிலட்சுமிதான் அனிதாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் நவீன்குமார் சுவரில் சாய்ந்து அழுதான். பிறகு அனிதா முனிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த பெல்ட்ட நான் போடல."

"பேசாத படும்மா."

"என் மடியில ஒரு பொம்பள வந்து ஒக்காந்தாங்கக்கா. ஈரமா, அவ்ளோ கனமா. அவங்க ரொம்ப அவசரமா பெல்ட்ட இழுத்து, எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டாங்க."

முனிலட்சுமி தன் விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

அனிதாவுக்கு ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இன்று வரை கார் இல்லை.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நவீன்குமார் போட்ட சண்டையில், விற்றவன் ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பினான். அறுந்த பெல்ட்டை மாற்றி வண்டியை ஓட்டிவர, ராஜப்பன் என்கிற மெக்கானிக் வந்தார். எல்லைக்கு அந்தாண்ட கடை வைத்திருக்கிறவர். கன்னடம் கலந்து பேசுவார். நல்ல பகல் நேரம். கருவிப் பையோடு வந்தவர், கதவைத் திறந்து, அறுந்து தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"யாரு அறுத்தது?"

"நான்தாங்க" என்றாள் முனிலட்சுமி.

அவர் அவளையே பார்த்தார். "போன ஐப்பசியில இந்த வண்டி ஏரியில எறங்கிடுச்சும்மா. புருசன், பொண்டாட்டி ரெண்டு பேரு. அவுரு நீந்தி வந்துட்டாரு. கிரேன் வெச்சி வண்டியத் தூக்கினப்போ நான் அங்கதான் இருந்தேன்."

"அந்தம்மா?"

"அவுரு பக்கத்துக் கதவு தொறந்திருந்துச்சி. இந்தாண்டக் கதவு பூட்டு போட்டது போட்டபடி. பெல்ட்டும் அப்பிடித்தான், மாட்டினது மாட்டினபடி இறுக்கமா நின்னுச்சி. உள்ள ஆளு இல்ல."

மாரிசாமிதான் கேட்டான். "அப்புறம் ஏரியில தேடலீங்களா?"

"தேடாம? படகு போட்டுத் தேடுனாங்க. வல போட்டாங்க. சித்திரையில ஏரி அடியோட வத்திப் போச்சி. அவங்க அண்ணன் தம்பிங்க மெஷின் வெச்சி மொத்தச் சேத்தையும் புரட்டிப் பாத்தாங்க." ராஜப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் இத ஓட்ட மாட்டேன். பேடா, வேணாம். லாரி அனுப்பச் சொல்லிடறேன்."

ரோட்டுக்குப் போனவர் நின்று, காரை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு வளையல்கூடக் கெடைக்கலம்மா. அந்தம்மா ஏரியில இல்ல."